இரண்டு நாற்காலி தூரம்

முப்பத்து மூன்று வயதாகியும் மாமாவுக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவரிடம் ஒரு குறையும் இல்லை என்று அம்மா எங்கள் பெங்களூர் பொம்மனஹள்ளி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். குடிக்க மாட்டார். வம்புக்குப் போக மாட்டார். மாதம் ஒருமுறை தங்கவயலுக்கு ரயிலேறி, பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வருவார். குறை இருந்ததெல்லாம் அவர் வேலை பார்த்த இடத்தில்தான். சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், கீழே சாப்பாட்டுக் கூடமும் மாடியில் விருந்து ஹாலுமாக இருந்த ஒரு சீன ஓட்டல் அது.

முதலில் பார்த்த பெண் வீட்டில், "அங்க பாம்பெல்லாம் சமைக்கிறாங்களாமே?" என்று நேராகவே கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மா கொண்டுபோன இனிப்புப் பொட்டலத்தை, மாமா வேலை பார்க்கிற இடத்திலிருந்து வந்ததோ என்று நினைத்தோ என்னவோ, யாரும் பிரிக்கவே இல்லை. அது எங்கள் தெருமுனை பேக்கரியில் வாங்கிய மைசூர்பாகு. மூன்றாவது இடத்தில் எல்லாம் கூடிவந்தது. பூ வைத்து, வெற்றிலை பாக்கு மாற்றி, பதினைந்தாம் நாள் ஆள் வந்தது. பெண் அழுதுகொண்டே இருக்கிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள், வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணு அழுததுல ஒண்ணும் தப்பில்லக்கா. பூ வைக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் அதை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அழுதிருக்காது இல்ல?"

"பொண்ணு என்னத்தடா சொல்லப்போவுது? அப்பன் சொல்றதுதான்," என்றாள் அம்மா, பூண்டு உரித்தபடியே.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் வாய்ப்பாடு எழுதிய முதல் ஆள் நான்தான் என்பதால், நான் நோட்டைத் திறந்தால் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். தாழ்த்திப் பேசினால்தான் எனக்கு நன்றாகக் காது கேட்கும்.

நான்காவது இடம் அம்மாவோடு கார்மெண்ட்ஸில் வேலை செய்த ஒருத்தர் மூலமாக வந்தது. பெண் வேறொரு கார்மெண்ட்ஸில் தையல் மிஷினில் உட்காருகிறவள். அவளுடைய அப்பா, சுரங்கம் மூடும்வரை தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். இப்போது தினமும் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வந்து ஏதோ ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். மாமாவை அவர் அந்த வாசலிலேயே வைத்துப் பார்த்தார். பாம்பு, தவளை என்று எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, நான் மூவாயிரம் அடி கீழே போய் வேலை பார்த்தவன். நேர்ல பாக்காதவன்கிட்ட சொன்னா நம்ப மாட்டான். உன் வேலையும் அப்படித்தான்னு வெச்சுக்கோ. பாத்துட்டு சொல்றேன்," என்றாராம்.

மாமா யோசிக்கவே இல்லை. "அப்ப அங்கயே வந்துடுங்க. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. உங்க பொண்ணையும்."

இதைக் கேட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண் பார்க்க ஓட்டலுக்கா? வீட்டில் பார்க்கலாம், கோயிலில் பார்க்கலாம். பெண் தட்டு ஏந்தி வருவாள், காபி கொடுப்பாள், ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவாள். ஓட்டலில் யார் தட்டு ஏந்துவது? அப்பா மட்டும், "ஏசி இருக்குமாடா?" என்று கேட்டார். இருக்கும் என்று மாமா சொன்னதும் அப்பாவுக்கு அந்த ஏற்பாட்டில் வேறு ஆட்சேபம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்குப் போனோம். எனக்குத் தெரிந்த சீனச் சாப்பாடு எங்கள் தெருவில் சாயங்காலம் வண்டியில் போடுகிற கோபி மஞ்சூரி. அதை எட்டு வருடமாகப் பெரிய ஓட்டலில் செய்கிறவர் என் மாமா என்றால், அது எவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே போனதும் மாமாவிடம் முதலில் கேட்டதே அதுதான். இங்கே கோபியே கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்த நிமிடம் எனக்கும் பெண் வீட்டுக்காரர்களைப் போலவே அந்த ஓட்டல்மேல் சந்தேகம் வந்தது.

மாமா வெள்ளைக் கோட்டும் காகிதத் தொப்பியுமாக நின்றார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அதைக் கழட்டிட்டு அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கடா," என்றாள்.

"வேலையைப் பாக்கத்தானக்கா வராங்க," என்றார் மாமா.

மூலையில் பெரிய வட்ட மேசை. எட்டு நாற்காலிகள். மேசை நடுவே இன்னொரு வட்டம், கண்ணாடியில், அது சுற்றியது. விரலால் தொட்டால் போதும், சத்தமே இல்லாமல் நகர்ந்தது. நான் அதற்குமுன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் குழம்பு வேண்டும் என்றால் எழுந்துபோய் எடுக்க வேண்டும், இல்லை கத்த வேண்டும். இங்கே குழம்பே நம்மைத் தேடி வரும்!

பெண் வீட்டார் மூன்று பேர் வந்தார்கள். எல்லாரையும் மாமாவே கைகாட்டி உட்காரவைத்தார். சுவரை ஒட்டிய நல்ல நாற்காலியில் பெண்ணின் அப்பா, அடுத்து அவளுடைய அம்மா, அடுத்து அவள். அவளுக்கு அடுத்து நான், பிறகு என் அம்மா, அப்பா. மிச்சம் இரண்டு நாற்காலி காலி. ஆம்பிளைப் பிள்ளையைப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் நல்ல சகுனம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பச்சைப் புடவையில் இருந்த அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதன்பிறகு மேசையைப் பார்த்தபடி குனிந்தவள் நிமிரவில்லை. நிமிரக் கூடாது என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள்.

மாமா என்னை மட்டும் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனார். குழாயடியில் குனிந்து காதோடு சொன்னார்.

"இறால் கொழுக்கட்டை வரும். முதல் கூடையில உனக்கு ஒண்ணுதான் கெடைக்கும். கேட்டு அழாத. கடைசில மீன் வரும்போது ரெண்டாவது கூடையும் வரும். அது முழுசா உனக்கு."

"முழுசாவா?"

"முழுசா. ஆனா மீன் வர்ற வரைக்கும் அந்தக் கண்ணாடியை நீ தொடக் கூடாது. மீனை வெச்ச உடனே, சோத்துக் கைப் பக்கமா தள்ளு. கூடை உனக்கு நேரா வந்ததும் கையை எடுத்துடு. அதுக்கு மேல ஒரு இஞ்ச் நகர்த்தக் கூடாது. சொல்லு பாக்கலாம்."

நான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அவ்வளவு அக்கறையாக ஒப்பிக்கச் சொன்னதில்லை.

மூங்கில் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரத் தொடங்கின. தட்டை ஏந்தி வந்தது மாமாதான். சமையலறையிலிருந்து ஆறு பேர் பார்க்க மூலை மேசை வரைக்கும், இரண்டு கையிலும் பெரிய தட்டைத் தாங்கி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்து வந்தார். பெண்ணின் அம்மா வாயில் முந்தானையை வைத்து மூடிக்கொண்டாள். என் அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. மாப்பிள்ளை தட்டு ஏந்தி வந்து பெண் வீட்டாருக்குப் பரிமாறுவதை அவள் தங்கவயலிலும் பார்த்ததில்லை, பொம்மனஹள்ளியிலும் பார்த்ததில்லை.

முதல் கூடையைத் திறந்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பாம்பு இல்லை. கோழிக்கால். கறுப்பு சாஸில் ஊறி, ஆவியில் வெந்து, மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் கோழிக்கால்தான். ஆனால் விருந்தாளி வந்தால் அம்மா அந்தச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அதையே இங்கே பூ மாதிரி அடுக்கி, மூடி போட்டு, மரியாதையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அம்மா அதைப் பார்த்த பார்வையில், இத்தனை வருடம் எதற்கு ஒளித்தோம் என்கிற கணக்கு ஓடியிருக்க வேண்டும். பெண்ணின் அப்பா ஒன்றை எடுத்துக் கடித்து, சிறு எலும்புகளை ஒவ்வொன்றாகத் துப்பி ஓரமாக வைத்தார்.

"இதையா பாம்புன்னு சொல்றானுங்க," என்றார். அதன்பிறகு கூடையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

இன்னொரு பக்கம் அப்பாவுக்கும் டீக்கும் ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. பால் இல்லாத டீ, சிறிய குவளையில். உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அப்பா கெட்டிலின் மூடியைத் திறந்து பக்கத்தில் வைப்பார். உடனே பரிமாறுகிற ஆள் வந்து கெட்டிலை நிரப்பிவிட்டுப் போவார். வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று அப்பா குடிப்பார். குடித்துவிட்டு மறுபடி மூடியைத் திறந்து பார்ப்பார். மூடி திறந்திருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான்காவது கெட்டில் வந்தபோது, "ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஆளுங்க, ஆனா ஒரு அளவு வேணாமா," என்று அம்மாவிடம் முனகினார்.

இறால் கொழுக்கட்டை வந்தது. மேல்தோல் கண்ணாடி மாதிரி. உள்ளே இறாலின் சிவப்பு தெரிந்தது. ஓரத்தில் வரிசையாக மடிப்பு. எனக்கு ஒன்று கிடைத்தது. வாயில் போட்டதும் இல்லாமல் போனது. பக்கத்தில் அந்த அக்கா தன்னுடையதைச் சாப்பிடவே இல்லை. கரண்டியால் மெல்லத் திருப்பித் திருப்பி அதன் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, எனக்குத் தந்தால் என்ன என்று நினைத்தேன். கேட்க வாயெடுத்தபோது அம்மா தொடையில் கிள்ளினாள்.

பெரியவர்கள் பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. மழை, ரயில், தங்கவயலில் யார் வீடு யாருக்குப் போனது. பெண்ணின் அப்பா, தட்டோடு வந்து போகிற மாமாவை, "தம்பி, இதுல என்ன மாவு?", "தம்பி, எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாத்துட்டு சொல்றேன் என்றவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொல்லவில்லை. என் அம்மா ஒவ்வொரு 'தம்பி'க்கும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தாள். அந்த ஒரு வார்த்தை மாறுகிறதா என்றுதான் அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் காத்திருந்தாள் என்பது எனக்கே புரிந்தது.

கடைசியாக மீன் வந்தது. முழுக் கொடுவா. இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, வாலும் தலையும் நீள்வட்டத் தட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்க, ஆவி பறந்தது. மாமா அதைக் கண்ணாடிமேல் வைத்து, தலை பெண்ணின் அப்பாவைப் பார்க்கும்படி நேராக்கினார். அப்புறம் இரண்டாவது கூடையை எடுத்தார். எனக்கு முன்னால் வைக்கவில்லை. பெண்ணின் அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அக்காவைத் தாண்டி, இரண்டு நாற்காலி தூரத்தில் என் கூடை! மாமா என்னைப் பார்த்தார். எனக்குக் குழாயடி ஞாபகம் வந்தது. யாரும் கரண்டியைத் தூக்குவதற்குள் கண்ணாடியில் கை வைத்து, சோத்துக் கைப் பக்கமாகத் தள்ளினேன். கூடை வந்தது, வந்தது, எனக்கு நேராக வந்து நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா மீனுக்கு நீட்டிய கரண்டி வெறும் காற்றில் நின்றது.

"டேய்!" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "பெரியவங்க எடுக்கறதுக்குள்ள..." கண்ணாடியைத் திருப்பப் போனாள்.

அவள் கைமேல் இன்னொரு கை வந்தது. முதலாளியம்மா. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. எழுபது வயதிருக்கும், குட்டை முடி, பூப்போட்ட சட்டை. அவருடைய தாத்தா காண்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். ஆனால் இவர் பிறந்ததும் வளர்ந்ததும் சிவாஜிநகரில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் தெரு ஆயா பேசுவது மாதிரி இருக்கும்.

"இரும்மா, இரு. நின்ன தலையைத் திருப்பாதே," என்றார். "எங்க ஆளுங்கள்ல ஒரு பழக்கம். மீன் தலை யாரைப் பாக்குதோ, அவங்கதான் இன்னிக்கு இந்த மேசைக்குப் பெரியவங்க. அவங்க எடுத்து வாயில வெச்சாத்தான் மத்தவங்க தொடணும். அவங்க என்ன கேக்கறாங்களோ அதைக் குடுத்துத்தான் ஆகணும்."

எல்லாரும் மீனைப் பார்த்தோம். மீன் அந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சின்னப் பொண்ணுங்க அது," என்றாள் அவளுடைய அம்மா.

"மீனுக்கு வயசு தெரியாதும்மா," என்றார் முதலாளியம்மா.

அந்த அக்கா இன்னும் குனிந்தேதான் இருந்தாள். அவள் அப்பாவின் கரண்டி மெல்லத் தட்டுக்குத் திரும்பியது. கூடத்தில் மற்ற மேசைகளின் இரைச்சல் கேட்டது. எனக்கோ கூடையைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. இந்தச் சட்டம் இறாலுக்கும் உண்டா? வியர்த்துவிட்டது.

அவள் கரண்டியை எடுத்தாள். மீனின் கன்னத்துப் பக்கம் ஒரு சின்னத் துண்டு. வாயில் போட்டு மென்றாள். மென்று முடித்துவிட்டு, முதல்முறையாக நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். தன் தட்டில் சாப்பிடாமல் வைத்திருந்த கொழுக்கட்டையைக் காட்டினாள்.

"இதுல பத்து மடிப்பு இருக்கு. எல்லாத்துலயும் பத்துதான். கையாலயா, மிஷினா?"

"கைதான்," என்றார் மாமா.

"யாரு கை?"

மாமா தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் ஆவியில் வெந்து சுருங்கி, வெளுத்திருந்தது. மிஷினில் சட்டைக் காலருக்கு மடிப்பு எடுக்கிறவள் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதலாளியம்மா பக்கம் திரும்பினாள்.

"கேட்டா குடுக்கணும்னு சொன்னீங்களே?"

"கேளும்மா."

"இவரையும் உக்காந்து சாப்பிடச் சொல்லுங்க. வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்காரு."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பக் குனிந்துகொண்டாள். ஆனால் இந்தக் குனிதல் வேறு மாதிரி இருந்தது. சிரிப்பை மறைக்கிற குனிதல். அவள் அப்பா தன் மகளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மகளுக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியைக் காலை நீட்டிப் பின்னுக்குத் தள்ளினார்.

"அதான் சொல்லுதில்ல. உக்காருங்க மாப்ளே."

என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக ஒரு கோழிக்காலை எடுத்தாள். அப்பா அந்தச் சந்தோஷத்தில் கெட்டிலின் மூடியைத் திறந்தார். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நான் கூடையைத் திறந்தேன். நான்கு இருந்தன. யாரும் கேட்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்த அக்கா எனக்கு அத்தை ஆனாள். அதன்பின் பல வருடங்கள் எங்கள் வீட்டில் இந்தக் கதை ஒரே மாதிரிதான் சொல்லப்பட்டது: இந்தப் பய தின்னிப் புத்தியில் மேசையைச் சுற்றிவிட்டான், கடவுள் பார்த்து மீன் தலையைச் சரியான இடத்தில் நிறுத்தினார். நானும் அப்படித்தான் நம்பினேன். என் தின்னிப் புத்தியால் ஒரு கல்யாணம் நடந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

போன மாதம் மாமா மகளின் பிறந்த நாளுக்கு அதே ஓட்டலில் சாப்பிட்டோம். இப்போது அந்த ஆவிச் சமையல் பிரிவுக்கே மாமாதான் தலைவர். மூலை மேசை, அதே எட்டு நாற்காலி. மீன் வந்தது. தலை ஒருத்தர் பக்கம், இறால் கூடை இன்னொருத்தர் பக்கம். நான் சும்மா இருக்காமல் விரல்விட்டு எண்ணினேன். அன்றைக்குக் கூடைக்கும் எனக்கும் நடுவே இரண்டு நாற்காலி தூரம். அத்தையின் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவே இரண்டு நாற்காலி தூரம். கூடை எனக்கு நேராக வந்து நின்றால் மீன் வேறு யாரைப் பார்க்க முடியும்? ஒரு இஞ்ச் கூட நகர்த்தக் கூடாது என்று இரண்டு தடவை ஒப்பிக்க வைத்தாரே! எங்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி உட்காரவைத்தவரும் அவர்தானே! கல்லூரி வரைக்கும் போய் வட்டமும் கோணமும் படித்து முடித்தவன் நான். வாய்ப்பாடு எழுதுவதற்கு முன்பே பள்ளியை விட்டுவிட்ட மாமா போட்ட கணக்கு எனக்குப் பிடிபட இத்தனை வருடம் ஆயிற்று. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் அத்தையின் தட்டில் மீன் வைத்துக்கொண்டிருந்தார்.

பெண் பார்த்த அன்றைக்கு ஓட்டலை விட்டு இறங்கிய பிறகு பஸ் நிலையம் வரைக்கும் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நல்லவேளையாக எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இல்லாவிட்டால் தோலை உரித்திருப்பேன் என்றாள். வழியனுப்ப வந்த மாமா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பையனை யாரும் இடுப்பில் வைக்க மாட்டார்கள்.

"விடுக்கா, அவன் சரியாத்தான் சுத்தினான்," என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார், மனசுக்குள் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் காதருகே போய் ரகசியமாகச் சொன்னேன்.

"இனிமே இப்படிச் சுத்த மாட்டேன் மாமா."

மாமா நடு ரோட்டில் நின்று சிரித்தார்.

"இனிமே வேணாம்டா," என்றார்.